மாவு மாத்திரை

காப்பிக் கடையின் கண்ணாடிக் கதவில் நோட்டீஸை வைத்து, அவள் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திய அதே நொடியில் உள்ளேயிருந்து யாரோ கதவை இழுத்தார்கள்.

அவ்வளவுதான். பசை டப்பா ஒரு பக்கம் உருண்டது. பிரஷ் ஒரு பக்கம் பறந்தது. அவள் முன்னால் சாய்ந்து, நோட்டீஸோடு சேர்ந்து, வெளியே வந்துகொண்டிருந்த ஒரு ஆளின் மார்பில் போய் முட்டினாள். அவள் விலகி நின்றாள். நோட்டீஸ் விலகவில்லை.

"சாரிங்க… ஐயோ… நான் பார்க்கலைங்க…"

"நான் பார்த்தேங்க. ஆனா கையில காப்பி. சட்டையா காப்பியான்னு யோசிக்கறதுக்குள்ள ஒட்டிட்டீங்க."

காப்பிக் கோப்பையை அவன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெளியே மழை சரம் சரமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கழுத்தை மடக்கித் தன் மார்பில் ஒட்டியிருந்ததைத் தலைகீழாக எழுத்துக்கூட்டினான்.

"காப்பி… குடிப்பவர்கள்… தேவை. தசை வலிமை… ஆராய்ச்சிக்கு." நிமிர்ந்தான். "ஏங்க, இப்படி ஒரு வேலை இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே?"

சிரிப்பு முதலில் வந்தது அவன் கண்ணில்தான். தூக்கம் போதாத கண்கள்… ஆனால் உள்ளே யாரோ விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போன மாதிரி ஒரு வெளிச்சம். அவள் சட்டென்று பார்வையை இறக்கி நோட்டீஸைப் பார்த்தாள். அதுவும் அவன் மார்பில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மழையைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். நான்கு வருஷமாக எல்லோரையும் எண்ணிக்கை கேட்டே பழகிய வாய்.

"எட்டு."

"எட்டா!"

"மழை நாள்ல ஒன்பது."

தெருவோரம் நின்றிருந்த பெரிய வேனிலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய்! காப்பி வாங்கப் போனவன் மார்ல போஸ்டரோட வர்றியே, தேர்தல்ல நிக்கறியா? சின்னம் என்னடா, சோபாவா?"

"எங்க மாமா" என்றான் அவன். "அக்கா வீட்டுக்காரர். ரெண்டு பேரும் வீடு மாத்திக் குடுக்கற வேலை. பீரோ, கட்டில், சோபா… மாடியில இருக்கறது கீழ, கீழ இருக்கறது மாடி."

பிறகு நோட்டீஸை ஓரம் கிழியாமல் மெல்லப் பிரித்தெடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"மாமா ஒண்ணு சொல்வாரு. பீரோவைத் தூக்கறது நானில்லையாம், காப்பிதானாம். அது நிஜமான்னு உங்க ஆராய்ச்சியில தெரியுமா?"

"ஓரளவுக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பதினஞ்சு வருஷமா தூக்கறேன். இது என் பலமா, கடன் வாங்கின பலமான்னு தெரியாமயே தூக்கிட்டிருக்கறது ஒரு மாதிரியா இருக்குங்க."

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள்.

*

இருபத்து நான்கு பேர் தேவைப்பட்ட ஆராய்ச்சி அது. அவன் பதினொன்றாம் ஆள். படிவங்களில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அதனால் அவள் மனதிலும் அவன் பதினொன்றாகவே உட்கார்ந்தான்.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொருவரும் முதலில் ஒரு நாள் வந்து மெஷினில் பழகிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு ஒரு நாளாக நான்கு நாள். இரண்டு நாள் மாத்திரைக்குள் கஃபீன், ஆளின் எடைக்குத் தக்கபடி. இரண்டு நாள் வெறும் சோள மாவு. எந்த நாள் எது என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, அளக்கிற அவளுக்கும் தெரியாது. ரகசியம் பக்கத்துக் கட்டிடத்தில் மருந்தாளரின் இரும்பு அலமாரியில், ஒட்டிய உறைக்குள் இருந்தது. வருவதற்கு முந்தைய ஒரு நாள் முழுக்கக் காப்பி, டீ, சாக்லேட் எதுவும் தொடக் கூடாது.

மெஷின் என்பது ஒரு கனத்த நாற்காலி. தொடையையும் இடுப்பையும் பட்டை போட்டுக் கட்டிவிடுவார்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு திண்டு. அதை ஐந்து நொடி முழு பலத்தோடு உதைக்க வேண்டும், எதிரே திரையில் எண் வரும். அதற்குப் பின் கையால் ஒரு கருவியை இறுக்குவது, கடைசியில் கால் ஓயும்வரை சைக்கிள் மிதிப்பது.

உதைக்கும்போது அவள் சொல்ல வேண்டியது ஓர் அட்டையில் அச்சடித்து ஒட்டியிருந்தது. 'தயாரா? உதைங்க. இன்னும். விடாதீங்க. போதும்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. குரல் மாறினால் பலமும் மாறும் என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பக்கத்தில் நின்று உற்சாகமாகக் கத்தினாலே கால் கூடுதலாக உதைக்கும். ஆகவே எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே சத்தம், ஒரே ஐந்து நொடி. மூலையில் ஒரு கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

பேராசிரியை அவளிடம் முன்பே சொல்லியிருந்தார். "அளக்கறது முழுக்க உன் பொறுப்பு. சுத்தமா முடிச்சுக் குடு. கட்டுரையில முதல் பேர் உன்னோடது."

நான்கு வருஷம் அடுத்தவர்களின் எண்களுக்குத் தலைப்பு எழுதியவள் அவள். முதல் பெயர்… அந்த இரண்டு வார்த்தையை நினைத்தாலே பஸ்ஸில் தனியாகச் சிரிப்பாள்.

மாத்திரை விழுங்கும் முதல் நாள் அவன் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"நேத்து காலையிலிருந்து காப்பி இல்ல. தலைக்குள்ள யாரோ பீரோ நகர்த்தறாங்க மேடம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு 'தலைவலி: உண்டு' என்று படிவத்தில் எழுதினாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். விழுங்கினான். அது ரத்தத்தில் ஏற ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் ஆளைத் தனியே விடக் கூடாது என்பது விதி. வெளியே போய் எதையாவது குடித்துவிட்டால்?

ஆக, ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை.

மற்றவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் போனைத்தான் நோண்டுவார்கள். இவன் கேள்வி கேட்டான்.

"உள்ள போய் இது என்னதான் பண்ணுது?"

"மூளைக்குள்ள சோர்வுக்குன்னு ஒரு நாற்காலி இருக்குன்னு வெச்சுக்கோங்க. சோர்வு வந்து அதுல உட்கார்ந்தாதான், 'போதும்பா, களைச்சுட்டோம்'னு நமக்குத் தெரியும். கஃபீன் முந்திக்கிட்டுப் போய் அதுல உட்கார்ந்துக்கும். சோர்வு வாசல்லயே நிக்கும்."

"அப்ப சோர்வு போகல?"

"போகாது. நின்னுட்டே இருக்கும்."

"பாவங்க அது" என்றான் அவன், நிஜமாகவே வருத்தப்பட்டு. "பதினஞ்சு வருஷமா என் வாசல்ல நின்னுட்டிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்த பிறகுதான் அந்த அறையில் தான் சிரித்ததே இல்லை என்று தோன்றியது.

நாற்காலியில் கட்டி, ஸ்டாப்வாட்சை எடுத்து, அட்டையில் இருந்ததைப் படித்தாள். அவன் உதைத்தான். திரையில் இருநூற்றுப் பத்து.

"உங்க குரல் இருக்கே…" என்றான் மூச்சு வாங்கிக்கொண்டு, "லிஃப்ட்ல மாடி நம்பர் சொல்லுமே, அந்தம்மா மாதிரியே இருக்கு."

"அப்படித்தாங்க இருக்கணும்" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்த்து 'மூன்றாம் மாடி' என்று சொல்லிப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான்… அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

*

இரண்டாம் வாரம் தலைவலி இல்லை. மூன்று காப்பியாகக் குறைத்துவிட்டானாம்.

"மாமா பயந்துட்டாரு. யாரையாவது லவ் பண்றியாடான்னு கேக்கறாரு."

அவள் படிவத்தின் மேல் குனிந்துகொண்டாள். "அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லைங்க."

அன்று அவன் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். வீடு மாற்றும்போது கனமான சாமான்களைவிட மெல்லிய சாமான்கள்தான் பயம் என்றான். முதுகால் தூக்கக் கூடாது, காலால் தூக்க வேண்டும் என்றான். காலியான வீட்டில் கடைசியாக ஒருமுறை சுற்றி வருவது அவன் வழக்கமாம். "எப்பவும் யாராவது எதையாவது மறந்திருப்பாங்க. கதவுக்குப் பின்னாடி ஒரு சட்டை… ஜன்னல்ல ஒரு சீப்பு. கொண்டுபோய்க் குடுத்தா, அதைப் பார்த்துச் சந்தோஷப்படற மாதிரி புது சோபாவைப் பார்த்துக்கூடப் பட மாட்டாங்க."

"நீங்க சொல்லுங்க" என்றான் பிறகு. "ஏன் ஆளை அளக்கற வேலைக்கு வந்தீங்க?"

யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. "எங்க வீட்ல அண்ணன் பேசுவாரு, அண்ணி அவருக்கு மேல பேசுவாங்க. எனக்கு இடம் கிடைக்காது. நம்பர்னா… நான் பேச வேண்டாம். அதுவே பேசிக்கும்."

"இப்பப் பேசறீங்களே."

"மருந்து ஏற ஒரு மணி நேரம் ஆகும்ல… அதான்."

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு மழைத்துளிகள் தனித்தனியாக வழிந்து வந்து, பாதி வழியில் சேர்ந்து, வேகமாகக் கீழே ஓடின. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் பார்த்தது இருவருக்கும் தெரிந்தது. அவள்தான் முதலில் எழுந்து கேமராவைச் சரிபார்க்கப் போனாள். அது சரியாகத்தான் இருந்தது.

அன்று எண் இருநூற்று இருபத்தொன்று.

மூன்றாம் வாரம் அவன் அறைக்குள் நுழைந்தபோது கூடவே வறுத்த காப்பிக் கொட்டை வாசனை நுழைந்தது. அவள் மூக்கு அதைக் கவனித்தது. மனசு கவனிக்க மறுத்தது. அந்த ஒரு மணி நேரம் பத்து நிமிஷமாக ஓடிப்போனது. நாற்காலி… பட்டை… அட்டை… ஸ்டாப்வாட்ச்.

திரையில் இருநூற்று நாற்பத்து மூன்று.

அவள் எண்ணைப் பார்த்தபடியே நின்றாள். கஃபீன் பெரிய மாயமெல்லாம் செய்யாது. பலத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு கூடலாம். சிலருக்கு இன்னும் கொஞ்சம். சைக்கிளில் நீடிக்க உதவும், அதுவும் எல்லோருக்கும் அல்ல. இது அந்தக் கணக்கில் அடங்கும் எண்ணே இல்லை. மாத்திரைக்கு மேல் இரண்டு காப்பி குடித்துவிட்டு வந்தாலும் வராது… ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை. வாசனைதான் தோன்றியது. முதல் பெயர்தான் தோன்றியது.

"காலையில ஏதாவது குடிச்சீங்களா?"

"தண்ணி."

"காப்பி வாசனை வருதே."

"ஒரு காப்பிக் கொட்டை கிடங்கைக் காலி பண்ணிட்டு நேரா வரேன். மூட்டை மூட்டையா தோள்ல வெச்சா வாசனை வராதா?"

"இல்ல… இந்த நம்பர் வராதுங்க. மாத்திரையால மட்டும் இப்படி வராது."

அவன் கண்ணில் இருந்த வெளிச்சம் அணைந்தது. கோபம்கூட வரவில்லை. பட்டைகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினான். எழுந்து சட்டையைச் சரிசெய்தான்.

"சாவியை எங்க கையில குடுத்துட்டு ஊருக்குப் போயிடறாங்க மேடம். முழு வீட்டையும் விட்டுட்டு. பொய் சொல்ற ஆளுக்கு யாராவது சாவி குடுப்பாங்களா?"

"நான் பொய்னு சொல்லல…"

"எழுதப் போறீங்கல்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

படியில் அவன் காலடிச் சத்தம் ஒரே சீராக இறங்கிப் போனது. மூன்று மாடி. அவள் கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

நான்காம் வாரம் அவன் வரவில்லை.

காலை பத்து மணிக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைத்தாள். பதினொரு மணிக்குத் தண்ணீரைக் கீழே ஊற்றினாள். 'பங்கேற்பவர் காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று படிவத்தில் அவள் கையாலேயே அடித்த வரி ஒன்று இருந்தது. மத்தியானம் மனசு கேட்காமல் போன் செய்தாள். மாமாதான் எடுத்தார்.

"அவன் வர மாட்டானாம்மா. கேட்டா வேலை இருக்குங்கறான். ஒரு வாரமா காப்பியும் தொடறதில்ல. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல, காப்பி வேணாம்ங்கறானே… அதான் எனக்குப் பயமா இருக்கு."

அன்று வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி ஒரு துண்டை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். "இதை நாலாவது தடவையா மடிக்கிற. யாரு அந்தப் பதினொன்னு?"

"என்ன அண்ணி?"

"மூணு வாரமா கேக்கறேன். பதினொன்னு இப்படிச் சொன்னார், பதினொன்னு அப்படிச் சிரிச்சார்… பத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பன்னெண்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. உங்கண்ணனுக்கு நம்பர் கணக்கு வராது. எனக்கு வரும்."

"அவர் விதியை மீறிட்டார்னு நினைக்கறேன் அண்ணி. அப்படித்தான் எழுதணும்."

"அப்ப எழுது. எழுதறதுக்கு ஏன் கண்ணு கலங்குது?"

அவள் துண்டைத் திரும்ப வாங்கி ஐந்தாவது தடவையாக மடித்தாள்.

அவன் பெயரில் விதிமீறல் எழுதுவதற்கு முன் பேராசிரியை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வீடியோவைப் பார்த்துட்டியா? நாற்காலியில நகர்ந்திருக்கலாம், பட்டை தளர்ந்திருக்கலாம். பார்க்காம ஒருத்தரைக் குத்தம் சொல்லாதே."

மறுநாள் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் ஆறாம் ஆளைப் போட்டாள். "தயாரா? உதைங்க. இன்னும். விடாதீங்க. போதும்." லிஃப்ட் அம்மாவேதான். ஒன்பதாம் ஆள், அதே குரல். பதினான்காம் ஆள், அதே குரல்.

பதினொன்று. மூன்றாம் நாள்.

"தயாரா…?" என்றது ஒரு பெண் குரல். "உதைங்க… ம்… இன்னும்… அப்படித்தான்… இன்னும் இருக்கு உங்ககிட்ட, எனக்குத் தெரியும்… விடாதீங்க… விடாதீங்க… ஆங்…! போதும், போதும்."

யார் இது என்று நினைத்தாள்.

நிறுத்தினாள். மறுபடி போட்டாள். அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஒரு பெருமை இருந்தது. யாரோ தனக்குச் சொந்தமானவரை ஓட்டப் பந்தயத்தில் ஓரத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி… இருபத்தெட்டு வருஷத்தில் தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து அவள் கேட்டதே இல்லை. நொடியை எண்ணிப் பார்த்தாள். ஐந்து நொடியில் 'போதும்' சொல்ல வேண்டியவள் ஏழில் சொல்லியிருந்தாள்.

இரண்டாம் நாளைப் போட்டாள். அதிலும் இருந்தது, கொஞ்சமாக. முதல் நாளில் இல்லை.

அட்டை அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் ஒட்டியிருந்தது. அதைத் தினமும் துடைத்து வைப்பவளும் அவள்தான். விதியை மீறியது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

யாரும் அந்த அறையில் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் பதினொன்றாம் எண்ணின் மூன்றாம் நாள் அழிந்துவிடும். 'கேமரா கோளாறு' என்று எழுதினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதல் பெயர் அப்படியே இருக்கும். அவன்மேல் பழி மட்டும் மிச்சமிருக்கும்.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். இன்னொரு படிவத்தை எடுத்தாள். 'விதியை மீறியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

*

பேராசிரியை கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார்.

"மத்தவங்க வீடியோ?"

"இருபத்து மூணு பேரோடதையும் கேட்டுட்டேன் மேடம். எல்லாம் சரியா இருக்கு. இவர் ஒருத்தர்கிட்டதான்…"

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டிருக்க?"

"என்ன எழுதறதுன்னு தெரியல மேடம்."

பேராசிரியை அவளை நிமிர்ந்து பார்த்தார். காது நுனி சிவந்து நின்றவளைப் பார்க்க அதிக நேரம் தேவைப்படவில்லை. "'அளந்தவர் நடுநிலை தவறினார்'னு எழுது. ஆராய்ச்சிக்கு அது போதும். மிச்சத்தை எழுத வேண்டிய இடம் இது இல்ல."

எழுதினாள்.

"இனிமே அளவை நான் எடுக்கறேன். நீ மெஷின் பக்கம் வரக் கூடாது. முதல் பேரும் உனக்கு இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேவா வந்தே?"

"அவர் பேர்ல தப்பா எழுதி இருக்குமே மேடம்."

பேராசிரியை மருந்தாளரைக் கூப்பிட்டு, விலகிய ஆளின் உறையைத் திறக்கச் சொன்னார். ஒரு துண்டுச் சீட்டு வந்தது. முதல் நாள் மாவு. இரண்டாம் நாள் கஃபீன். மூன்றாம் நாள்…

மாவு.

"இருநூத்தி நாற்பத்து மூணு, வெறும் சோள மாவுல" என்றார் பேராசிரியை. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "இதை அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியது நம்ம கடமை. அளக்கறவங்க அவங்களைத் தேடிப் போகக் கூடாதுன்னு விதி இருக்கு. நல்ல வேளை… இப்ப நீ அளக்கறவ இல்ல."

*

தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாமா போனில் சொன்ன தெருவில், நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் வாசலில் வேன் நின்றது. உள்ளே நுழைந்தவள் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள். குறுகிய படிக்கட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மர பீரோ இறங்கி வந்துகொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் மாமாவின் முதுகு. மேலே, பீரோவின் விளிம்புக்கு மேல், இரண்டு கண்கள் மட்டும்.

அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் நின்றன. பீரோவும் நின்றது.

"டேய், ஏன்டா நிக்கற?" என்றார் மாமா.

"கீழ ஆள் நிக்கறாங்க மாமா."

மாமா கழுத்தைத் திருப்பினார். "அட… போன் பண்ண பொண்ணா? ஒரு நிமிஷம்மா, இறக்கி வெச்சிட்டு வந்துடறோம்."

"இல்லைங்க. இப்பவே சொல்லிடறேன். இறக்கி வெச்சா தைரியம் போயிடும்."

"என்னங்க?" என்றான் அவன் மேலிருந்து. "கேக்கல."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்லலைங்க! நான்தான் தப்பு பண்ணேன். உறையைப் பிரிச்சுப் பார்த்தாச்சு. இருநூத்தி நாற்பத்து மூணு வந்த அன்னைக்கு உங்களுக்குக் குடுத்தது வெறும் மாவு. காப்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

முதலில் மாமாதான் பேசினார். "மாவுலயா இந்தத் தூக்கு தூக்கறான்? இத்தனை வருஷம் காப்பித் தண்ணியையா நான் பாராட்டிட்டிருந்தேன்?"

"அப்ப அந்த நம்பர்…" என்றான் அவன். "மாத்திரை இல்லாம எப்படி வந்துச்சு?"

முதல் மாடியில் ஒரு கதவு திறந்தது. யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கண்களை மட்டும் பார்த்தாள்.

"நான் எல்லாருக்கும் சொல்ற மாதிரி உங்களுக்குச் சொல்லல. அட்டையில இல்லாததெல்லாம் சொல்லியிருக்கேன். சொன்னது எனக்கே தெரியல… வீடியோவைக் கேட்டப்பதான் தெரிஞ்சுது. எழுதிக் குடுத்துட்டேன். என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துட்டாங்க. அது பரவாயில்ல. உங்களைச் சந்தேகப்பட்டதுதான்… அதுதான் பரவாயில்லைன்னு விட முடியல."

"வேலையிலிருந்து எடுத்துட்டாங்களா?" அவன் குரல் மாறியது. "எனக்காகவா எழுதினீங்க? எழுதாம விட்டிருக்கலாமே…"

"விட்டா, பொய் சொன்ன ஆள்னு உங்க பேர் நிக்கும்."

"நின்னா என்னங்க? என்னை யாருக்குத் தெரியும் அங்க?"

"எனக்குத் தெரியும்ல!" என்றாள். குரல் படிக்கட்டு முழுக்க ஏறி இறங்கியது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதான் காரணம். ஃபார்ம்ல அதை எழுத இடமில்ல… அதான் இங்க வந்து சொல்றேன்."

தூறலின் சத்தம் கேட்டது. முதல் மாடிக் கதவு இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது.

"டேய்" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்ல விஷயம்தான், நான் குறுக்க நிக்கல. ஆனா பாதி பீரோ என் கையில இருக்கு. சீக்கிரம் ஏதாவது சொல்லித் தொலைடா."

"மாமா… மெதுவா இங்கயே இறக்குங்க."

"படியிலயா?"

"ஆமா. கை நடுங்குது."

"உனக்கா!"

பீரோ படியில் சாய்ந்து உட்கார்ந்தது. அவன் அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குனிந்தான். இப்போது முழு முகமும் தெரிந்தது. வியர்வை, தூசி, நெற்றியில் ஒரு மரச் சீவல்… அந்தக் கண்களில் பழைய வெளிச்சம்.

"நாலாவது வாரம் ஏன் வரலைன்னு நினைச்சீங்க? கோவத்துலயா?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"கோவம் ரெண்டு நாள்ல போயிடுச்சுங்க. நம்பர் எதனால ஏறுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். இப்ப எப்படி வந்துச்சுன்னு கேட்டது, உங்க வாயால கேக்கத்தான். நீங்க பக்கத்துல நின்னு 'இன்னும்'னு சொன்னா, இல்லாத பலமெல்லாம் வந்துடுது. நாலாவது நாளும் வந்தா அது இன்னும் ஏறும்… நீங்க இன்னும் சந்தேகப்படுவீங்க. அதான் வரல. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப."